யாப்பில் இல்லாத ஐயர்

எங்கள் கோயில் ஐயருக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைக்க இன்னும் எட்டு மாதம் இருந்தபோதுதான் நான் அவரிடம் ஒரு கையெழுத்துக் கேட்டுப் போனேன். அவர் போட்டார். அதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அடக்கம் என்று நினைப்பீர்கள்.

கோயில் தெற்கு லண்டனில் இருக்கிறது. எந்த இடம் என்று எழுதமாட்டேன். தலைவருக்கு வழக்குப் போடுவதில் விருப்பம் அதிகம், எனக்குத் தோற்பதில் அனுபவம் அதிகம். முன்பு அது ஒரு கம்பளக் கிடங்கு. மழை நாளில் கற்பூர மணத்துக்கு அடியில் இன்னமும் ரப்பர் மணக்கும். அந்தக் கிடங்கைக் கண்டுபிடித்து, கவுன்சிலோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டி, தன் முதுகில் சிமெந்து மூட்டை சுமந்து அதைக் கோயிலாக்கியவர் தலைவர்தான். அதை மறைப்பது நியாயமில்லை. பிரச்சினை என்னவென்றால், மூட்டையை இறக்கி வைத்த பிறகும் அவர் கோயிலை இறக்கி வைக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அவரே தலைவர். தேர்தல் என்ற சொல்லைக் கேட்டால் தேர்த் திருவிழாவைப் பற்றித்தான் கேட்கிறோம் என்ற மாதிரி ஒரு முகத்தோடு திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய செங்கோல் திருவிழாப் பட்டியல். பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அந்த நாளின் பூசைச் செலவு அவர்களுடையது, பூசை முடிவில் பட்டுத்துண்டும் தேங்காயும் வைத்துக் கொடுக்கும் காளாஞ்சித் தட்டும் அவர்களுடையது. வெளியாட்களுக்கு அது ஒரு தேங்காய். எங்களுக்கு அது லண்டனில் நாங்களும் ஓர் ஆள் என்பதற்கான ஒரே எழுத்துமூல ஆதாரம். யாருக்கு எந்த நாள் என்று தலைவர்தான் எழுதுவார், தலைவர்தான் அழிப்பார்.

ஒரு வருடம் ஏழாம் திருவிழாவை அழித்தார். கிடங்கில் கம்பளம் கிடந்த காலத்திலிருந்து அந்த நாளைச் செய்துவந்த குடும்பம் அது. கணவன் இறந்து ஆண்டுத் துவசம் முடிந்திருந்தது. மனைவி சட்டன் என்ற ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஷிப்ட் வேலை செய்து காசு சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். அந்த நாள் பெற்றோல் நிலையக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது என்று செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னார்கள். அந்த அம்மா சத்தம் போடவில்லை. செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனார்.

இந்த நேரம் பார்த்து என் கையில் ஸ்பெயின் வந்து சேர்ந்தது.

நான் கவுன்சில் நூலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். யாரும் இரவல் எடுக்காத புத்தகங்களைத் தட்டிலிருந்து இறக்கி, முத்திரை குத்தி, விற்பனைப் பெட்டியில் போடுவது என் பொறுப்பு. பெட்டியிலும் விலைப்படாதவற்றை வீட்டுக்குக் கொண்டுபோவேன். என் மனைவி அவற்றை அகதிகள் என்பார். அப்படி வந்த ஒரு தடித்த ஸ்பெயின் வரலாற்றை ரயிலில் படிக்கத் தொடங்கினேன்.

இருநூறு வருடத்துக்கு முந்திய கதை. ஸ்பெயின் ராசாவைப் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி பிடித்துக்கொண்டுபோய்ப் பிரான்சில் ஒரு மாளிகையில் வைத்துவிடுகிறார். ராசா இல்லாத நேரம், காடிஸ் என்ற துறைமுகத்தில், வெளியே எதிரியின் பீரங்கி வெடித்துக்கொண்டிருக்க, சில வக்கீல்களும் வியாபாரிகளும் பாதிரிமாரும் கூடி இருந்து நாட்டுக்கு ஒரு யாப்பு, அதாவது அரசியல் சட்டம், எழுதுகிறார்கள். நாடு ஒரு குடும்பத்தின் சொத்து அல்ல என்று அதில் எழுதியிருந்தது. சட்டம் போடும் அதிகாரம் சபைக்கு, ராசாவுக்கு வரம்பு. குண்டு விழுகிற ஊரில் இருந்துகொண்டு பந்தி பிரித்து, இலக்கம் போட்டு, வாசகத்துக்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்குப் புல்லரித்தது. எங்கள் தலைவரும் அப்போது மகளின் பிரசவத்துக்காகக் கனடா போயிருந்தார்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யாப்பு எழுத உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் செய்த பிழைகளை வரிசைப்படுத்தினால் இதை மேலே வைக்கலாம். புத்தகத்தை முடித்திருக்க வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர். வால்தம்ஸ்டோவிலிருந்து ஒரு கணக்காளர் வருவார், வெம்பிளியிலிருந்து பல் வைத்தியர் ஒருவர், மற்ற இரண்டு பேரும் ஓய்வுபெற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மேசையில் கூடி இருபத்தேழு சரத்துகள் எழுதினோம். தலைவர் பதவி மூன்று வருடம், அதுவும் இரண்டு தடவைக்கு மேல் இல்லை. உபய நாளைக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. மணியை யார் அடிப்பது, ஒலிபெருக்கியை எத்தனை மணிக்கு நிற்பாட்டுவது என்பதுவரை எழுதினோம். நான்காம் சரத்து என்னுடையது. எந்தச் சைவரும், எந்த ஊரில் வசித்தாலும், அங்கத்தவர் ஆகலாம் என்றது அது. தாராளமான சரத்து என்று பல் வைத்தியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இதற்கு விசேட பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும், அதற்கு மனு வேண்டும், மனுவில் முதலாவதாக ஐயர் கையெழுத்து இருந்தால் சனம் பயப்படாமல் போடும் என்று சொன்னவன் நான்.

ஐயர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய விசா கோயிலின் ஸ்பொன்சரில் தொங்கிக்கொண்டிருந்தது. கோயில் கையை விட்டால் விசாவும் விட்டுவிடும். மடப்பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறையில் மனைவியோடும் மகளோடும் இருந்தார். மகள் அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பெரிய சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணை, நான் பூசை செய்ய வந்தனான். கையெழுத்து வைக்க வரேல்லை.”

“ஐயா, நீங்கள் முதல் போட்டாத்தான் சனம் போடும்.”

“எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கண்ணை. எட்டு மாசம் பொறுத்து வாங்கோ. எட்டு இடத்திலை போட்டுத் தாறன்.”

“அதுக்கிடையிலை அவர் கனடாவாலை வந்திடுவார் ஐயா.”

“அவர் வருவார் எண்டுதானே நானும் சொல்லுறன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. ஐயரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

“உந்த யாப்பிலை எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கு?”

“இன்னும் எழுதேல்லை அம்மா. போடுவம்.”

“இருபத்தேழு எழுதினனீங்கள் எண்டு கதைக்கினம். இருபத்தெட்டாவதுக்குத் தாள் முடிஞ்சு போச்சோ?”

“கட்டாயம் போடுவம் அம்மா. ஐயரின்ரை வேலைக்குப் பாதுகாப்பு எண்டு ஒரு சரத்து.”

“அப்ப அதை எழுதிப்போட்டு வாங்கோ.”

நான் எழும்பினேன். ஐயர் என்னை இருக்கச் சொன்னார்.

“அந்த மனுசி செருப்போடை வாசல்லை நிண்டு அழுதது. நான் உள்ளுக்கை தீபம் காட்டிக்கொண்டு நிக்கிறன். நிப்பாட்டேலாது. நான் காட்டி முடிக்க அவ போயிட்டா.” பேனையை வாங்கினார். “எனக்கு உங்கட யாப்பு விளங்காது அண்ணை. அந்த ஏழாந் திருவிழாவைக் குடுத்திடுங்கோ.”

ஐயரம்மா உள்ளே போனார். பாத்திரச் சத்தம் திரும்பக் கேட்டது, முன்பைவிடக் கொஞ்சம் பலமாக.

நான் சொன்னபடி சனம் போட்டது. கூட்டம் நடந்தது, யாப்பு நிறைவேறியது. இருபத்தெட்டாம் சரத்து அன்று என் சட்டைப் பையில்தான் இருந்தது, பென்சிலில் எழுதியபடி. ஆனால் மூன்று மணி நேரம் மணி அடிக்கும் சரத்தில் போய்விட்டது. சிற்றுண்டி ஆறுகிறது என்று பெண்கள் சொல்ல, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று நானே ஒத்திவைத்தேன். என் வாயாலேயே சொன்னேன்.

தலைவர் கனடாவிலிருந்து வந்தார். நாங்கள் ஒரு வாரம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்தோம். அவரோ வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்து, யாப்பைக் கையில் வாங்கி, தலைக்கு மேல் தூக்கி, இந்த வழியில் முதலில் நடக்கப்போகிறவன் தானே என்று ஒலிபெருக்கியில் சொன்னார். அதோடு நாங்கள் விட்டிருக்கலாம். எங்கள் கணக்காளருக்கு வாய்ச்சொல் போதவில்லை. கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யட்டும் என்றார். எழுதிய ஒப்பந்தத்தை நம்பாதவன்கூட எரிகிற கற்பூரத்தை நம்புகிற சாதி நாங்கள். பல் வைத்தியரும் தலையாட்டினார், லண்டனில் பட்டம் பெற்றவர். ஐயர்தான் தட்டில் கற்பூரம் கொளுத்திப் பிடித்தார். தலைவர் உள்ளங்கையால் சுடரை அடித்து அணைத்தார். சனம் அரோகரா என்றது. அந்த வருடத் தேரின் வடத்தைப் பிடித்துக் கார் தரிப்பிடத்தைச் சுற்றி நான் இழுத்த இழுவை எனக்கு இன்னமும் தோள்மூட்டில் இருக்கிறது. ஏழாம் திருவிழா அந்த அம்மாவுக்கே திரும்பக் கிடைத்தது. அது ஒன்றுதான் நடந்தது என்றால், அது நடந்தது.

அவர் தலைவராகவே இருக்க, யாப்பின்படி வந்த எங்கள் ஐந்து பேரின் புதிய சபை கோயிலின் சாவிகள் எல்லாவற்றையும் பொறுப்பேற்றது. வாசல், வாகனசாலை, மடப்பள்ளி, குப்பைத் தொட்டி அடைக்கும் கூட்டின் சாவிகூட. இமிகிரேஷனுக்கு ஸ்பொன்சர் விபரம் அனுப்பும் கணினிக் கணக்கின் பாஸ்வேர்ட் தலைவரிடமே இருந்தது. கேட்க வேண்டும் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் எல்லாருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. விசா என்ற ஒன்று உலகத்தில் இருப்பது எங்களுக்கு மறந்து இருபது வருடம்.

இந்த நிம்மதியில் ஸ்பெயின் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். அவர்களின் முதலாவது யாப்பு, ராசா திரும்பி வந்ததும் செத்துப் போயிருந்தது. சனம் அவருடைய வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்திருக்கிறது, அவர் யாப்பை அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ரத்துச் செய்திருக்கிறார். ஆறு வருடம் கழித்து ஒரு படை அதிகாரி கிளர்ச்சி செய்ய, ராசா அதே யாப்புக்குச் சத்தியம் செய்து கொடுக்கிறார். செய்துவிட்டு அயல்நாட்டு ராசாக்களுக்கு இரகசியமாகக் கடிதம் எழுதுகிறார். மூன்று வருடம் பொறுத்திருக்கிறார். பிரான்சிலிருந்து ஒரு பெரும் படை அவருக்காக மலை தாண்டி வருகிறது. அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

எங்கள் தலைவர் மூன்று வருடம் பொறுக்கவில்லை, மூன்று மாதம் பொறுத்தார். ஒரு ஞாயிறு காலை, பொதுக்கூட்டத்துக்கு, கோயில் வாசலில் நான்கு கோச் பஸ்கள் வந்து நின்றன. இறங்கினவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. தலைவரின் உறவு, உறவின் உறவு, பெற்றோல் நிலையங்களில் வேலை செய்கிறவர்கள். எல்லாரும் முறைப்படி சந்தா கட்டிய அங்கத்தவர்கள். எந்தச் சைவரும், எந்த ஊரில் வசித்தாலும். என்னுடைய நான்காம் சரத்தால்தான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள், ஒழுங்காகச் செருப்பையும் கழற்றி வைத்தார்கள். அரை மணித்தியாலத்தில் யாப்பு ரத்து. தலைவர் ஆயுட்காலத் தலைவர்.

பிறகு அவர் ஒலிபெருக்கியை எடுத்தார். “எனக்கு ஒருத்தரிலையும் கோவமில்லை. எல்லாரும் எங்கட பிள்ளையள். எல்லாரையும் மன்னிச்சிட்டன். போய்ச் சாப்பிடுங்கோ.” நாங்கள் போய்ச் சாப்பிட்டோம். புளிச்சாதமும் வடையும் நன்றாக இருந்ததாக நினைவு.

அந்த வாரம் புத்தகத்தில் காடிஸ் திரும்ப வந்தது. தோற்றுப்போன லிபரல்கள் ராசாவையும் தங்களோடு அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் மன்னிப்பு என்று கைப்பட எழுதித் தந்தால் விடுகிறோம் என்றார்கள். எழுதித் தந்தார். விட்டார்கள். குடாவைக் கடந்து அந்தக் கரையில் கால் வைத்ததும் மன்னிப்பை ரத்துச் செய்தார்.

ஐயருக்கு இமிகிரேஷனிலிருந்து கடிதம் வந்தபோது கூட்டம் முடிந்து ஆறு வாரம். ஸ்பொன்சர் விலகிக்கொண்டது, அறுபது நாளுக்குள் வேறு ஒழுங்கு செய், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போ என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாக இருந்தது. எட்டு மாதத்தில் இன்னும் ஒரு மாதமும் சில நாட்களும்தான் மிச்சம் என்று ஐயர் விரல்விட்டுக் காட்டினார். வக்கீலிடம் போனோம். இந்த வகை விசாவுக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்கும் கடைசி நாளிலும் ஸ்பொன்சர் இருக்க வேண்டும் என்றார் வக்கீல். அவருக்கும் அது வருத்தமாகத்தான் இருந்தது, மேசையில் இருந்த குழந்தையின் படத்தை நேராக்கி வைத்தார்.

வேறு கோயில் தேடினோம். லண்டனில் கோயில்களுக்குக் குறைவில்லை, ஐயருக்கு எங்கும் தட்டுப்பாடு. வடக்கில் ஒரு கோயில் உடனே வரச் சொன்னது, மறுநாள் காலை வேண்டாம் என்றது. கிழக்கில் ஒரு கோயிலின் தலைவர் என்னிடம் வெளிப்படையாகவே கதைத்தார்.

“தம்பி, அவர் நல்ல ஐயர் எண்டு எனக்குத் தெரியும். குரல் மணி மாதிரி. ஆனா உங்கட ஆள் எனக்கு ரெண்டு தரம் போன் அடிச்சிட்டார்.”

“அவர் உங்களுக்கு என்ன ஆள் அண்ணை?”

“ஒண்டுமில்லை. எங்களுக்குள்ளை பேச்சுவார்த்தையே இல்லை, வழக்கு ஒண்டும் கிடக்கு. ஆனா தலைவருக்கு எதிராய்க் கையெழுத்து வைச்ச ஐயரை நான் எடுத்தா, நாளைக்கு என்ரை ஐயர் பேனை வாங்கப் போவார். விளங்குதோ?”

விளங்கியது. ஐரோப்பாவின் ராசாக்கள் ஒருவரையொருவர் கண்ணில் காணப் பிடிக்காதவர்கள். ஒரு ராசாவின் சனம் எழும்பினால் மட்டும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வரும் என்று புத்தகம் முப்பது பக்கத்தில் சொன்னதை அவர் ஒரு போனில் சொல்லிவிட்டார்.

நாற்பது நாள் மிச்சம் இருக்கும்போது நான் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி தேத்தண்ணி தந்தார். தலைவர் என்னை அன்பாகவே பார்த்தார்.

“நீர் படிச்ச ஆள் தம்பி. உம்மட யாப்பை ரெண்டு தரம் வாசிச்சனான். நல்ல தமிழ்.”

“பிழை என்ரை அண்ணை. ஐயர் என்ரை சொல்லுக் கேட்டுத்தான் போட்டவர். என்னைக் கோயிலுக்கு வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அவரை விட்டிடுங்கோ.”

“உம்மை ஏன் வரவேண்டாம் எண்டோணும்? நீர் வாரும். வந்து, செய்தது பிழை எண்டு எல்லாருக்கும் முன்னாலை வாசியும். எழுதிக்கொண்டு வாரும். பேந்து பாப்பம்.”

எழுதினேன். இருபத்தேழு சரத்து எழுதிய அதே மேசை. யாப்பைவிட இது வேகமாக வந்தது என்பதை ஓர் எழுத்தாளனாக ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அகம்பாவத்தால் மதி மயங்கியவன், கோயிலைக் கட்டியவரின் மனதைப் புண்படுத்தியவன், புத்தகப் பூச்சி. கடைசிச் சொல் அவசியமில்லை. ஆனாலும் போட்டேன், சனம் சிரித்தால் தலைவர் இளகுவார் என்று.

வெள்ளிக்கிழமை, ஒலிபெருக்கியில் வாசித்தேன். அந்தச் சொல்லில் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். கற்பூரத் தட்டோடு மூலஸ்தான வாசலில் நின்ற ஐயர் மட்டும் என்னைப் பார்க்காமல் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் இரண்டு மூன்று பேர் வந்து என் வாசிப்பு நன்றாக இருந்தது, உச்சரிப்புத் துப்புரவு என்று பாராட்டினார்கள்.

செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் தலைவரைப் பிடித்தேன்.

“அண்ணை, அப்ப அந்த ஸ்பொன்சர்...”

“அது ஏலாது தம்பி.” குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார். “போன மாசமே புது ஐயருக்கு அந்த இடத்தைக் குடுத்திட்டன். அவருக்கு விசாவும் வந்திட்டுது. உம்மட கடிதம் வேறை, அது வேறை.”

ஸ்பெயினில் அந்தக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய அதிகாரியும் கடைசியில் பிழை செய்துவிட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தாராம். அதை வாங்கி அச்சடித்து விற்றுவிட்டு, அவரை ஒரு கூடையில் கிடத்திக் கழுதையால் இழுத்துப் போய் மாட்ரிட்டில் தூக்கில் போட்டார்கள். இதைப் படித்தபோது என்னையும் அவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு கணம் ஆசை வந்தது. வெட்கமாக இருந்தது. கூடையில் இருந்தது நான் அல்ல.

தப்பியவர்கள் லண்டனுக்கு வந்தார்கள். யூஸ்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால் சோமர்ஸ் டவுனில் வாடகை அறைகளில் இருந்துகொண்டு, கிழிந்த மேலங்கியோடு தெருவில் கூட்டம் கூட்டமாக நடந்து, அடுத்த யாப்பின் வாசகத்துக்காகச் சண்டை பிடித்தார்களாம். ஒரு மத்தியானம் அந்தத் தெருக்களில் நடந்து பார்த்தேன். கவுன்சில் வீடுகள், பால்கனியில் உடுப்பு, ஒரு கோழிப்பொரியல் கடை. அவர்களிலும் யாரோ ஒருவர் சமையல்காரனிடமோ வண்டிக்காரனிடமோ ஒரு கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் கப்பல் ஏறியிருப்பார். அவனைப் பற்றி என் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

ஐயரின் மகளால் சோதனையில் கடைசி இரண்டு பாடம் எழுத முடியவில்லை, பயண நாள் முந்திக்கொண்டது. அறுபது நாளுக்கு மூன்று நாள் இருக்கையில் மூன்று பேரையும் நான்தான் ஹீத்ரோவுக்குக் கொண்டுபோனேன். ஐயர் முன் ஆசனத்தில் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். எம்25 நெடுஞ்சாலை வழக்கம்போல் நகரவில்லை. மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நீண்ட நேரம் கழித்து ஐயரம்மா பின்னாலிருந்து கேட்டார்.

“நீங்கள் ஐயரிட்டைச் சொல்லுற அந்த ஸ்பெயின் சனம். அதுகள் பேந்து தங்கட நாட்டுக்குப் போனதுகளோ?”

“ஓம் அம்மா. கனபேர் போனவை.”

“எப்ப?”

“பத்து வருசத்தாலை. அந்த ராசா செத்தாப் பிறகு.”

ஆசனத்தின் விளிம்பைப் பிடித்து முன்னால் வந்தார். “எங்கட ஆளுக்கு இப்ப எத்தினை வயசு?”

“எழுபத்திரண்டு.”

“உடம்பிலை வருத்தம் ஏதும் இருக்கோ?”

“இல்லை அம்மா. காலமையிலை நீந்தப் போறவர்.”

ஐயர் கண்ணை மூடிக்கொண்டு, “உப்பிடிக் கதையாதையும்,” என்றார், மனைவியிடமா என்னிடமா என்று தெரியாத குரலில்.

இந்த நாட்டுக்குள் வருகிறவனை எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவன். வெளியே போகிறவனை ஒருவரும் கேட்பதில்லை. விமானக் கம்பனிப் பெண் மூன்று பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்த்து, பெட்டிகளுக்கு நாடா ஒட்டி, புன்னகைத்து, நல்ல பயணம் என்றாள். ஐயர் என் இரண்டு கைகளையும் பிடித்து, “சாப்பிட்டிட்டுப் போங்கோ அண்ணை, காலமையிலையிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை,” என்றார். ஐயரம்மா என்னைப் பார்க்கவில்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையில் அவர்கள் மூன்று தரம் வளைந்து வளைந்து என் பக்கமாகவே திரும்பி வந்தார்கள், வரிசைக்கான நாடாக்கள் அப்படிக் கட்டப்பட்டிருந்தன. மூன்றாம் தரம் வரமுன் நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.